மூன்று குஷன் உறையும் ஒரு தாழ்ப்பாளும்

கர்ரக்... கர்ரக்... கர்ரக்.

கோணவாசல் ஊரில் விளக்கு வைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. செசிலி ஏழு மாதக் குழந்தையை மடியில் போட்டுக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் அவள் கை அந்தரத்தில் நின்றது. குழந்தை, வர வேண்டிய கஞ்சி வராததால், வாயைத் திறந்தபடியே காத்திருந்தது.

கர்ரக்.

"ஏங்க," என்றாள் செசிலி, சத்தம் வெளியே வராமல். கான்வென்டில் அப்படித்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பெண்பிள்ளைகள் மெதுவாகப் பேச வேண்டும். அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்கவில்லை. ஆகவே மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, நாலாவது தடவை கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே போட்டாள். புருஷன் சவரி ஓடிவந்தான்.

செசிலியின் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அவள் விடுதியில் இருந்து படித்தவள். அங்கே சரியாக ஏழரை மணிக்கு சிஸ்டர் பெனடிக்டா வராந்தாக் கதவைச் சாத்தி, இரும்புத் தாழ்ப்பாளைத் தள்ளுவார். டக். அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் செசிலிக்குத் தூக்கம் வரும். பத்து வருஷப் பழக்கம். கல்யாணமாகிப் போன வாடகை வீட்டிலும் தாழ்ப்பாள் இருந்தது, டக் இருந்தது. இந்தப் புது வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. கதவு இருக்கிறது, டக் இல்லை. மூன்று மாதமாக அவள் ஒரு கண்ணை மட்டும் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். பாதி ராத்திரி இடது கண், மீதி ராத்திரி வலது கண்.

தாழ்ப்பாள் வாங்காமல் இல்லை. இயேசுநாதர் படத்துக்குக் கீழே காகிதப் பொட்டலத்தில், நாலு திருகாணிகளோடு, அது பத்திரமாக இருந்தது. அதை மாட்டுவதில்தான் சிக்கல்.

அந்த வீட்டில் செசிலியின் புருஷன் சவரியோடு அவன் அண்ணன்மார் இரண்டு பேரும் இருந்தார்கள். மூத்தவர் ஞானப்பிரகாசம். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் சொல்வார் என்பதால் கோணவாசலில் அவருக்கு அறிவாளி என்று பெயர். நடுவுள்ளவர் தொம்மை. அவர் கண்ணை மூடுவதில்லை, அண்ணன் மூடினால் போதும் என்று இருந்துவிட்டார்.

புதுமனை புகுந்த அன்றே ஞானப்பிரகாசம் தாழ்ப்பாளைக் கையில் எடுத்தார்.

"திருடன் உள்ள இருந்தா வர்றான்?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, வெளிய இருந்து," என்றார் தொம்மை.

"அப்ப எங்க தடுக்கணும்?"

"வெளியதான்."

தாழ்ப்பாளை வெளிப்பக்கம் அடித்தார்கள். சகோதரர்கள் மூவரும் வெளியே நின்று கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். அப்புறம், தாழ் போட்ட கதவு வழியாக உள்ளே எப்படிப் போவது என்று விடியும்வரை யோசித்தார்கள். காலையில் பால்காரர் வந்து திறந்துவிட்டார். தாழ்ப்பாள் திரும்பப் பொட்டலத்துக்குப் போனது. மூத்தவர் இன்னும் நன்றாக யோசிக்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது.

சரி, சத்தத்துக்கு வருவோம்.

டார்ச் லைட்டோடு மூன்று பேரும் ஹாலுக்கு வந்தார்கள். செசிலி குழந்தையை இறுக்கிக்கொண்டு புருஷன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். சத்தம் சோபாவிலிருந்து வந்தது. குழந்தையின் ஞானஸ்நானத்துக்குச் செசிலியின் அப்பா செய்து அனுப்பிய தேக்கு சோபா அது. மேலே இலவம்பஞ்சு அடைத்த மூன்று குஷன்கள், வெறும் வெள்ளைத் துணியோடு. உறையை நீங்களே பிடித்த நிறத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கர்ரக், என்றது நடுக் குஷன்.

சவரி குனிந்து பார்த்தான். குஷனின் ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது. அந்த ஓட்டை வழியாகச் சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு நூல் தொங்கியது. "நூல் பிரிஞ்சிருக்கு," என்று சொல்லி, அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டான். நூல் கொஞ்சம் துள்ளியது. அப்புறம் உள்ளே போய்விட்டது.

ஞானப்பிரகாசம் கண்ணை மூடினார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பல்லக் கடிக்குது," என்றார்.

"எதுண்ணே?"

"குஷன்தான். குளிர்ல கடிக்குது."

"பஞ்சுக்குக் குளிருமாண்ணே?"

"மார்கழி மாசம் சட்டை இல்லாம ராத்திரி பூரா ஹால்ல உன்னைய உக்கார வச்சா என்ன செய்வ?"

தொம்மை யோசித்தார். "பல்லக் கடிப்பேன்."

"அப்புறம் என்ன கேள்வி? அதுக்குச் சட்டை இல்ல. உறை போடணும்."

செசிலி மெல்ல முன்னால் வந்தாள். "பெரியத்தான், அப்படியே அந்தத் தாழ்ப்பாளையும் மாட்டிட்டீங்கன்னா..."

"இரு தாயி. சத்தம் எதனால வருது?"

"குளிருனால," என்றார் தொம்மை.

"குளிரு எதனால?"

"உறை இல்லாததுனால."

"உறை போட்டா சத்தம் இல்ல. சத்தம் இல்லேன்னா உனக்குப் பயம் இல்ல. பயம் இல்லேன்னா தாழ்ப்பாள் எதுக்கு?"

இதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று செசிலிக்குத் தோன்றியது. எங்கே என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அழுவதைப் பார்த்த குழந்தையும் அழுதது. குழந்தை அழுவதைப் பார்த்த சவரியும் மூக்கை உறிஞ்சினான்.

ஞானப்பிரகாசம் இளகிய மனசுக்காரர். "சரி சரி. உறை வாங்கி மாட்டுற அன்னிக்கே தாழ்ப்பாளும் மாட்டிருவோம். என் வாக்கு."

அன்று ராத்திரி செசிலி இரண்டு கண்ணையும் திறந்துகொண்டே, குஷன் உறைகளுக்காக மூன்று ஜெபமாலை சொன்னாள்.

மறுநாள் எல்லோரும் டவுன் பஸ் ஏறினார்கள். தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் தனியாக இருக்க முடியாது என்று செசிலியும் குழந்தையோடு ஏறிவிட்டாள். வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்கவில்லை. வீடு எங்கே போய்விடப் போகிறது?

டவுனில் திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர் பரிமளம் அம்மாள். கழுத்தில் அளவு நாடா, மூக்கில் கண்ணாடி, வாயில் சிரிப்பு. முப்பது வருஷமாக வியாபாரம் செய்பவர். எந்த வாடிக்கையாளரையும் சமாளித்துவிடலாம் என்ற தைரியம் அவருக்கு அன்று காலை வரைக்கும் இருந்தது.

"குஷன் என்ன அளவுங்க?"

"இதோ," என்று ஞானப்பிரகாசம் ஒரு அடி முன்னால் வந்து நின்றார்.

"எங்கங்க?"

"நான்தாம்மா. நான் உக்காந்தா அந்தக் குஷன் நிறைஞ்சிரும். அளந்துக்கங்க."

பரிமளம் அம்மாள் அவரைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சரி, சாதாரண சோபா அளவுதான்," என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். கெட்டிக்காரி. "என்ன கலர் வேணும்?"

"குளிரு தாங்குற கலர்," என்றார் தொம்மை.

"உங்க வீட்டுச் சுவர் என்ன கலர்?"

இங்கேதான் விஷயம் கெட்டது. கீரை கடைந்த தண்ணீர் நிறம் என்றார் ஞானப்பிரகாசம். இல்லை, வெள்ளரிப் பிஞ்சின் உள்பக்கம் என்றார் தொம்மை. சவரி, அது சாயங்காலம் ஒரு நிறம், காலையில் ஒரு நிறம் என்றான். செசிலி தாழ்ந்த குரலில், "வெளிர் பச்சை," என்றாள். அது யாருக்கும் கேட்கவில்லை.

பரிமளம் அம்மாள் கையை ஆட்டினார். "இப்படி வாய்க்கு வந்த கலரைச் சொன்னா நான் எப்படிக் கொடுக்கிறது? சுவரோட வச்சுப் பாக்காம குஷன் உறை எடுக்கவே கூடாது. நாளைக்கு வாங்க."

சுவரோட வச்சுப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் திரும்பி வரும்போது மூன்று பேரும் அதைப் பற்றியே பேசினார்கள்.

"ஒண்ணு கடை இங்க வரணும், இல்ல சுவரு அங்க போகணும்," என்றார் ஞானப்பிரகாசம்.

"கடை பெருசுண்ணே. மாடியெல்லாம் இருக்கு," என்றார் தொம்மை.

"அப்ப சுவருதான் போகணும்."

வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்தார்கள். வாசல் கதவுக்கு இடது பக்கம், முன்சுவரில், இடுப்பு உயரத்தில் பன்னிரண்டு செங்கலை வண்ணப்பூச்சு உதிராமல் பக்குவமாகப் பெயர்த்தார்கள். நிறம் வாடிவிடக் கூடாது என்று ஒவ்வொரு கல்லையும் ஈரத் துணியில் சுற்றினார்கள். திரும்ப அடுக்குவதற்கு அடையாளம் வேண்டுமே என்று சவரி சாக்பீஸால் எண் போட்டான். எல்லாக் கல்லும் ஒரே சுவர்தான் என்பதால் எல்லாவற்றிலும் ஒன்று என்று போட்டான்.

சுவரில் இரண்டு அடிக்கு ஓட்டை. அதன் வழியாகச் செசிலி வேப்பமரத்தைப் பார்த்தாள். காற்று நன்றாக வந்தது.

"கதவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள்.

"கதவைத் தொடவே இல்ல."

"அப்ப சரி," என்றாள். அவளுக்குக் கதவுதான் முக்கியம்.

மறுநாள் கடை மேசையில் பன்னிரண்டு செங்கலை வரிசையாக வைத்தபோது பரிமளம் அம்மாளின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே. ஒவ்வொரு கல்லாகத் தூக்கிப் பார்த்தார்.

"இது வெயில் பட்டு வெளுத்திருக்கு. இது புகை பிடிச்சுப் போயிருக்கு. இதுல யாரோ எண்ணெய்த் தலையைச் சாய்ச்சிருக்காங்க."

"நான்தான்," என்றார் தொம்மை, பெருமையாக.

"ஏங்க, இந்த நாலு கல்லை வச்சு முழுச் சுவரும் எப்படி இருக்கும்னு எப்படிச் சொல்றது?" என்று சலித்துக்கொண்டார் பரிமளம் அம்மாள்.

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு அவருக்கே தெரிந்தது. ஞானப்பிரகாசம் கண்ணை மூடிவிட்டார்.

அன்று சாயங்காலமே இன்னும் ஒரு மூன்று அடி பெயர்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். விடிந்ததும் மிச்சம். கூரை பக்கச் சுவர்களின் மேல் உட்கார்ந்திருந்தது நல்லதாகப் போயிற்று. முன்சுவருக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. செசிலி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"எதை வேணா எடுங்க. கதவை மட்டும் தொடாதீங்க."

அவர்கள் தொடவில்லை. இரண்டு பக்கமும் ஒற்றைத் தூணோடு நிலையும் கதவும் அப்படியே நின்றன. அந்தக் கதவின் மேல் படிந்த தூசியைக்கூடச் சவரி ஈரத் துணியால் துடைத்துவிட்டான். பெண்டாட்டி மேல் பிரியமுள்ளவன்.

கரும்பு டிராக்டர் ஒன்றில் சுவரை ஏற்றினார்கள். சுவருக்கு மேலே ஞானப்பிரகாசம், அவருக்கு இந்தப் பக்கம் தொம்மை, அந்தப் பக்கம் சவரி, டிரைவருக்குப் பக்கத்தில் குழந்தையோடு செசிலி. கிளம்பும் முன் செசிலி இறங்கிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

டிராக்டர் கடை வாசலில் சுவரைக் கொட்டிவிட்டுக் கரும்புக்குப் போய்விட்டது. சகோதரர்கள் அதை அடுக்கினார்கள். எல்லாவற்றிலும் ஒன்று என்று இருந்ததால் எங்கே தொடங்கினாலும் சரியாக இருந்தது.

பரிமளம் அம்மாள் வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையால் துடைத்தார். திரும்ப மாட்டினார். சுவர் அங்கேயேதான் இருந்தது.

"வச்சுப் பாருங்கம்மா," என்றார் ஞானப்பிரகாசம்.

பரிமளம் அம்மாள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். பிறகு வந்து, கண்ணில் பட்ட முதல் மூன்று உறைகளைக் கையில் எடுத்தார். கடுகு மஞ்சளில் பூப்போட்டது ஒன்று, வெறும் மெரூன் இரண்டு. சுவரில் வைத்துப் பார்த்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிரமாதமாக இருந்தது. அந்தப் பச்சைக்கு அந்த மஞ்சள் அப்படிப் பொருந்தியது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டு, தங்களுக்கும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள்.

"நல்லாக் கேட்டுக்கங்க," என்றார் பரிமளம் அம்மாள், அவர்கள் மறுபடி வந்துவிடக் கூடாதே என்ற கவலையில். "பூப்போட்டது நடுவுல, வெறும் கலர் ரெண்டு பக்கமும். ஜிப்பு பின்னாடி போகணும். யாராவது உக்காந்து எந்திரிச்சா குஷன் சப்பையாயிரும். தூக்கி நிறுத்தி, மேல கையால இப்படி ஒரு வெட்டு வெட்டணும். பாத்தீங்களா, காது மாதிரி ரெண்டு பக்கமும் நிக்கும். அப்புறம், பாக்குறவங்களுக்கு எப்பவும் யாருமே உக்காராத மாதிரி இருக்கணும். அதுதான் வீட்டுக்கு அழகு."

"யாருமே உக்காராத மாதிரி," என்று தொம்மை மனப்பாடம் செய்தார்.

"பிடிக்கலேன்னா பத்து நாளைக்குள்ள மாத்திக்கலாம்," என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார் அந்த அம்மாள்.

ஞானப்பிரகாசம் கண்ணை மூடித் திறந்தார். "மாத்தணும்னா சுவரு மறுபடியும் வேணுமே?"

"ஐயோ, வேண்டாங்க!"

"வேணும்மா. வச்சுப் பாக்காம எடுக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? பத்து நாள் இங்கேயே இருக்கட்டும். உங்க கடைக்கும் அழகாத்தான் இருக்கு."

கடை வாசலை மறித்துக்கொண்டு நின்ற வெளிர் பச்சைச் சுவருக்குப் பின்னாலிருந்து பரிமளம் அம்மாள் என்னமோ கத்தினார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. செசிலி பூட்டுப் போட்டதுபோல் நம்பிக்கையோடு சாத்திவிட்டுப் போன கதவு சாத்தியபடியே இருந்தது. "பாத்தீங்களா, யாரும் வரல," என்று அவள் திறந்தாள். எல்லோரும் கதவு வழியாக வரிசையாக உள்ளே போனார்கள். தொம்மை மட்டும் செருப்பை ஓரமாக விடப் போய், அப்படியே ஹாலுக்குள் நின்றுகொண்டிருந்தார். அவரை ஞானப்பிரகாசம் அதட்டி வெளியே அனுப்பி, கதவு வழியாக வரச் சொன்னார். எதற்கும் ஒரு முறை இருக்கிறது.

உறை மாட்டும் வேலை ஆரம்பித்தது. மெரூன் இரண்டும் சுலபமாக ஏறின. நடுக் குஷன் மட்டும் அடம்பிடித்தது. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் உப்பியது. அந்தப் பக்கம் அமுக்கினால் கீச்சென்றது.

"பூப்போட்டதுன்னதும் கூச்சப்படுதுண்ணே," என்றான் சவரி.

இரண்டு பேர் அமுக்க, மூன்றாமவர் ஜிப்பை இழுத்தார். நூல் மறுபடியும் வெளியே வந்திருந்தது. சவரி அதை மறுபடியும் உள்ளே தள்ளிவிட்டான். ஜிப் மூடியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார்கள். கர்ரக் என்ற சத்தம் இப்போது துணிக்கு உள்ளே, ரொம்பத் தூரத்தில் கேட்பதுபோல், கிர்ர்க் என்று கேட்டது.

"குளிர் விட்ருச்சு," என்றார் ஞானப்பிரகாசம். "சுவாசம் சீராயிருச்சு."

சோபா ஜோராக இருந்தது. யாருமே உட்காராத மாதிரி இருக்க வேண்டும் என்பதால் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். தொம்மை மட்டும் சோபாவுக்குப் பக்கத்தில் கையை ஓங்கியபடி நின்றார். யாராவது உட்கார்ந்து எழுந்தால் உடனே வெட்ட வேண்டுமே.

செசிலி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இயேசுநாதர் படத்துக்குக் கீழேயிருந்த பொட்டலத்தை எடுத்து வந்தாள். பெரியத்தான் முன்னால் வைத்தாள். வாக்கு வாக்குதானே. வெளியே நன்றாக இருட்டிவிட்டது. வெளியே என்றால் ஹாலுக்கு அடுத்த அடி.

"வெளிப்பக்கம் அடிச்சுப் பாத்தாச்சு. சரிப்படல," என்று ஆரம்பித்தார் ஞானப்பிரகாசம்.

"அப்ப உள்பக்கம் அடிக்கலாங்களா?" என்றாள் செசிலி, ஆசையோடு.

"உள்பக்கம் அடிச்சா கதவு தாழ் போட்டிருக்குன்னு திருடனுக்கு எப்படித் தெரியும்? அவன் பாட்டுக்குத் தள்ளிக்கிட்டே நிப்பான். பாவம்."

"ரெண்டு ஆணி உள்ள, ரெண்டு ஆணி வெளிய?" என்றார் தொம்மை, ஓங்கிய கையை இறக்காமல்.

"அப்ப பாதி திருடன் உள்ள வந்துருவானே."

இதைப் பற்றி அவர்கள் தீவிரமாக யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், "யாருங்க வீட்டுல?" என்று ஒரு குரல் கேட்டது.

சோபாவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். அறுபது வயசு இருக்கும். உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, இடுப்பில் கறுப்புத் துண்டு கட்டியிருந்தார். கையில் சுவரில் துளை போடுகிற இரும்புக் கன்னக்கோல். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்.

செசிலி கதவைப் பார்த்தாள். "நீங்க... யாரு?"

"திருடன், தாயி."

"கதவு வழியாவா வந்தீங்க?"

"இல்ல தாயி. கதவு பக்கமே போகல."

செசிலிக்கு மூச்சு வந்தது. மூன்று மாதமாக அவள் பயந்ததெல்லாம் கதவு வழியாக வருகிறவனைப் பற்றித்தான். "அப்ப சரி," என்றாள்.

திருடர் அப்படியே தரையில் குந்திவிட்டார். "நான் சுவர்ல கன்னம் வைக்கிறவன் தாயி. கௌரவமா தொழில் பண்றவன். முந்தாநேத்து நோட்டம் பாக்க வந்தேன். ரெண்டடி ஓட்டை இருந்துச்சு. சரி, நமக்கு முன்னாடி எவனோ கை வச்சுட்டான்னு பேசாமப் போயிட்டேன். நேத்து வந்தேன், அஞ்சடி. எவன்டா அது இவ்வளவு பேராசைக்காரன்னு நெனச்சேன். இன்னிக்கு வர்றேன்... எங்க தாயி சுவரு?"

"கடைக்குப் போயிருக்கு."

"கடைக்கா?"

"குஷன் உறை எடுக்க."

திருடர் கன்னக்கோலைத் தரையில் வைத்தார். "எப்ப வரும்?"

"பத்து நாள் ஆகும்."

அவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். எழுந்து, தள்ளாடி, கைக்கு எட்டிய சோபாவில், நடுக் குஷன் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உக்காராதீங்க!" என்று மூன்று பேரும் கத்தினார்கள்.

அவர்கள் கத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "ஐயோ!" என்று அலறிக்கொண்டு திருடர் ஒரு முழ உயரம் எழும்பினார். அவர் எழுந்த வேகத்தில் தொம்மை குஷனைத் தூக்கி நிறுத்தி நடுவில் ஒரு வெட்டு வெட்டினார். குஷன் இரண்டு காதும் விறைத்து நின்றது. அப்புறம் கீச்சென்றபடி தானாகவே அரை அடி நகர்ந்தது.

"கடிக்குதுய்யா! குஷன் கடிக்குது!" என்றார் திருடர், பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு.

"கடிக்கத்தான் செய்யும்," என்றார் ஞானப்பிரகாசம் அமைதியாக. "குளிர்ல பல்லக் கடிச்சுக் கடிச்சுப் பழகிருச்சு. போகப் போகச் சரியாகும்."

திருடர் கன்னக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். செசிலி குறுக்கே வந்து நின்றாள். ராத்திரியில் ஒரு திருடனை அவள் வழிமறித்தாள் என்று சிஸ்டர் பெனடிக்டாவிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

"ஐயா, உங்களுக்குத் தாழ்ப்பாள் மாட்டத் தெரியுமா?"

"தாழ்ப்பாளா?"

"மூணு மாசமா நான் தூங்கல."

திருடர் அவளைப் பார்த்தார். இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் பார்த்த முதல் சாதாரணப் பொருள் அந்தத் தாழ்ப்பாள்தான். மடியிலிருந்து திருப்புளியை எடுத்தார்.

"எந்தப் பக்கம் போடப் போறீங்க?" என்று ஞானப்பிரகாசம் சோதிப்பதுபோல் கேட்டார்.

"உள்பக்கம்."

"எப்படி அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?"

"நாப்பது வருஷமா வெளிப்பக்கம் நின்னு பாத்திருக்கேன்யா."

சகோதரர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்தவர் பேச்சு வேறு மாதிரிதான் இருக்கிறது. சவரி டார்ச் பிடித்தான். கால் மணி நேரத்தில் நாலு திருகாணியும் இறங்கிவிட்டன. திருடர் தாழ்ப்பாளை ஒரு தடவை தள்ளி இழுத்துப் பார்த்தார். நல்ல தொழில்காரர்.

"வர்றேன் தாயி," என்று கும்பிட்டுவிட்டு, வந்த பக்கமே போகத் திரும்பினார்.

"அந்தப் பக்கம் போகாதீங்க," என்றாள் செசிலி. "அது சுவரு."

திருடர் சுவரைப் பார்த்தார். வேப்பமரம் தெரிந்தது, நிலா தெரிந்தது, ஊர்நாய் ஒன்று உட்கார்ந்து இவர்களைப் பார்ப்பது தெரிந்தது. கதவு வழியாக வெளியே போனார். இருட்டில் பெரியவர் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று சவரி டார்ச்சோடு தெருமுனைவரை கூடப் போனான்.

செசிலி கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

டக்.

குழந்தை அந்தச் சத்தத்துக்குக் கண்ணைச் செருகியது. செசிலிக்கு இடது கண் மூடியது. வலது கண்ணும் மூடப் போன சமயத்தில் கதவு தட்டப்பட்டது.

"யாரு?" என்றாள்.

"நான்தான் செசிலி. சவரி. தெற."

"நீங்கதான்னு எப்படித் தெரியும்? குரலை யாரு வேணா மாத்திப் பேசலாம்."

அவள் சொல்வதும் நியாயம்தான் என்று சவரிக்குப் பட்டது. தூணைச் சுற்றி நாலு எட்டு நடந்து வந்து, சுவர் இருந்த இடத்தில், அவளுக்கு எதிரே நின்றான். டார்ச்சைத் தன் முகத்திலேயே அடித்துக் காட்டினான்.

"பாரு. நான்தான்."

செசிலி நன்றாக உற்றுப் பார்த்தாள். அவன்தான்.

"சரி, வாங்க, தெறக்கிறேன்," என்றாள்.

சவரி திரும்ப நாலு எட்டு நடந்து கதவுக்குப் போனான். அவள் தாழ்ப்பாளை நீக்கினாள். அவன் காலைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். செசிலி வெளியே தலையை நீட்டி இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அப்புறம் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை அழுத்தித் தள்ளினாள்.

டக்.